டாக்டர் இராபர்ட் வைட்டும் இரண்டு ஓவியர்களும்

கோயம்புத்தூர் என்றதும் வெளியூராருக்குப் பஞ்சாலைகள் நினைவுக்கு வரும்; நமக்குச் சிறுவாணித் தண்ணீர் நினைவுக்கு வரும். பருத்தியோடும் மலையோடும் ஒருசேர உறவு கொண்ட ஒருவர் பதினோர் ஆண்டுகள் இவ்வூரில் வாழ்ந்திருக்கிறார். அவர் பெயர் டாக்டர் இராபர்ட் வைட். தாவரவியல் கற்றோர் உலகெங்கும் அவரை அறிவர். எங்கள் வகுப்பில் கேட்டுப் பார்த்தோம். அப்பெயரைக் கேள்விப்பட்டவர் ஒருவரும் இல்லை. ஆகவே அவர் வரலாற்றை இவ்வாண்டு மலரில் எழுத எண்ணினோம். எழுதத் தொடங்கிய பின்புதான், அவரைப் பற்றி மட்டும் எழுதி முடித்துவிட இயலாது என்பது விளங்கிற்று. அவருக்கு வலக்கையாய் விளங்கிய இரண்டு ஓவியர்களும் இவ்வரலாற்றில் உடன் வருகிறார்கள்.

வைட் 1796-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 6-ஆம் நாள் ஸ்காட்லாந்து நாட்டில், ஈஸ்ட் லோதியன் என்னும் பகுதியில் பிறந்தார். தந்தையார் எடின்பரோ நகரில் வழக்கறிஞர். பிள்ளைகள் நிறைந்த பெரிய குடும்பம். வைட் எடின்பரோவிலேயே பள்ளிக் கல்வியும் மருத்துவக் கல்வியும் பெற்று 1818-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அந்நாளில் மருந்துகளுட் பெரும்பாலானவை செடி கொடிகளிலிருந்தே கிடைத்தமையால், மருத்துவ மாணவர் யாவரும் தாவரவியலையும் கற்க வேண்டும். பலருக்கு அது தேர்வோடு மறந்துபோகும் பாடம். வைட்டுக்கு அது வாழ்நாள் முழுவதும் நிலைத்தது.

மறு ஆண்டே, 1819-இல், கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி மருத்துவராகச் சென்னைக்கு வந்தார். படைப்பிரிவோடு ஊர் ஊராகச் செல்லும் வேலை. முகாம் எங்கே அமைந்தாலும் அங்குள்ள செடிகளைச் சேகரித்து, தாள்களுக்கிடையே வைத்து அழுத்தி உலர்த்தி, பெயர் எழுதி அடுக்கி வந்தார்.

உலர்ந்த செடியில் ஒரு குறை உண்டு. எங்களில் சிலர் பூக்களைப் பாடப்புத்தகத்தில் வைத்துப் பார்த்திருக்கிறோம். ஒரு வாரத்தில் செம்பருத்தியின் சிவப்பு கருநீலமாகிவிடுகிறது. தும்பைப்பூ இருந்த இடமே தெரிவதில்லை. சதைப்பற்றுள்ள கள்ளி வகைகளோ தாளை நனைத்து அழுகிவிடும். ஆர்க்கிட் மலரின் உதடும் கொம்பும் எப்பக்கம் வளைந்திருந்தன என்பதைத் தட்டையாகிவிட்ட ஒரு பொருளிலிருந்து யார் சொல்ல முடியும்? செடி நிறத்தோடும் நிலையோடும் நிற்கும்போதே அதைப் பார்த்து எழுத ஓர் ஓவியர் கூட இருக்க வேண்டும். புகைப்படம் என்பது அப்போது பிறக்கவில்லை.

1826-இல் வைட்டுக்குச் சென்னை அரசின் இயற்கை ஆய்வாளர் பதவி கிடைத்தது. அப்பதவியை ஏற்றதும் அவர் ஓர் ஓவியரை அமர்த்திக்கொண்டார். அவரே ரங்கய்யா. தெலுங்கு பேசும் ராஜு மரபினர். தஞ்சை அரண்மனையோடு தொடர்புடைய ஓவிய மரபில் வந்தவர். தெய்வத் திருவுருவங்களையும் அரசர்களையும் எழுதிப் பழகிய மரபில் வந்த கை, இனி ஓர் அங்குலம்கூட இல்லாத புல்லின் பூவை எழுத வேண்டியதாயிற்று.

பதவி நெடுநாள் நிலைக்கவில்லை. 1828-இல் ஆளுநர் லஷிங்டன், செலவைக் குறைப்பதற்காக அதனை ஒழித்துவிட்டார். வைட் மீண்டும் படை மருத்துவராகி நாகப்பட்டினத்துக்கு அனுப்பப்பட்டார். பதவி போனபோதிலும் படம் வரைவது நிற்கவில்லை. ரங்கய்யா நாகப்பட்டினத்திலும் தொடர்ந்து வரைந்தார். அப்படங்களை வைட் கப்பலேற்றி, கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் வில்லியம் ஹுக்கருக்கு அனுப்பி வைத்தார். சூயஸ் கால்வாய் வெட்டப்படாத காலம். கப்பல் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர மாதக்கணக்கில் ஆகும். ஹுக்கர் அப்படங்களுள் சிலவற்றைத் தம் இதழில் வெளியிட்டார். நாகைக் கடற்கரையில் எழுதப்பட்ட செடிகள் ஐரோப்பிய அறிஞர் கைகளை இவ்வாறு முதலில் அடைந்தன.

1831-இல் மூன்றாண்டு விடுமுறையில் வைட் தாயகம் சென்றார். உடன் சென்ற உலர்செடிகள் ஏறத்தாழ ஓர் இலட்சம். எடை இரண்டு டன். அங்கே ஆர்னட் என்னும் அறிஞரோடு சேர்ந்து அவற்றை ஆராய்ந்து, 1834-இல் தென்னிந்தியத் தாவரங்கள் குறித்து ஒரு நூல் வெளியிட்டார். அதன் முதற்பகுதி மட்டுமே வெளிவந்தது. அது அறிஞர்களுக்கு ஏற்ற நூல். படம் ஒன்றும் இல்லை. காட்டில் நிற்கும் ஒரு மருத்துவரோ பொறியாளரோ அதை வைத்துக்கொண்டு தம் காலடியில் உள்ள செடி இன்னதென்று கண்டுகொள்வது கடினம்.

இந்தியா திரும்பிய வைட்டின் மனத்தில் இக்குறையே நின்றதுபோலும். அவருக்கு முன்னும் இந்தியச் செடிகளுக்குப் படநூல்கள் இருந்தன. கேரளக் கரையில் டச்சுக்காரர் ஆண்ட நாளில், 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ அவற்றுள் புகழ் பெற்றது. அதற்கான தொடக்கப் படங்களை எழுதியவர் மத்தேயு என்னும் கார்மேல் சபைத் துறவி என்பது நம் போன்ற பள்ளியில் சொல்லிக்கொள்ளத் தக்க செய்தி. பின்னர் ராக்ஸ்பரோ, வாலிச் என்போர் வெளியிட்ட வண்ணப் படநூல்கள் மிக அழகியவை. விலையோ செல்வந்தரும் பெரிய நூலகங்களும் மட்டுமே வாங்கக்கூடியது. வைட் மலிவான படநூல் வேண்டும் என்று முடிவு செய்தார். அதைச் சென்னையிலேயே அச்சிடவும் துணிந்தார்.

அதற்கு ஏற்ற முறை கல் அச்சு. வைட் பிறந்த அதே 1796-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் செனஃபெல்டர் என்பவர் கண்ட முறை அது. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லின்மேல் கொழுப்பு கலந்த மையால் படம் எழுதுவர். பின்பு கல்லை நீரால் நனைப்பர். கோடு உள்ள இடம் நீரை ஏற்காது. மற்ற இடம் ஏற்கும். அதன்மேல் அச்சு மையை உருட்டினால், நீர் உள்ள இடம் மையைத் தள்ளிவிட, கோடுகள் மட்டும் அதைப் பற்றிக்கொள்ளும். தாளை வைத்து அழுத்தினால் படம் பதிந்துவிடும். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டா என்று நம் வீட்டுச் சமையலறையில் தெரிந்துகொண்டதுதான் இதன் அடிப்படை. செப்புத் தகட்டில் செதுக்குவதைவிட இது விரைவு, செலவும் குறைவு. வைட் இக்கலையைத் தாமே கற்றார். நாற்பது வயதைக் கடந்த ஒரு மருத்துவர், மையும் கல்லுமாக உட்கார்ந்து புதுத் தொழில் பழகியதை நினைத்தால் எங்களுக்கு வியப்பாயிருக்கிறது.

1838-இல் இரண்டு நூல் வரிசைகள் ஒருங்கே தொடங்கின. ஒன்று, கையால் வண்ணம் தீட்டிய ‘இந்தியத் தாவரவியல் விளக்கப் படங்கள்’. மற்றது, ‘ஐகோனீஸ்’ என்று சுருக்கமாக வழங்கும் பெருநூல். இதில் வண்ணம் இல்லை. கறுப்புக் கோடுகள் மட்டுமே. வண்ணத்தை விட்டதனால்தான் விலை குறைந்தது. அவ்வாண்டிலேயே அவருக்குத் திருமணமும் நடந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். இங்கிலாந்திலுள்ள லங்காஷயர் ஆலைகளுக்கு நீண்ட இழைப் பருத்தி வேண்டியிருந்தது. அது அமெரிக்காவிலிருந்தே வந்தது. நம் நாட்டுப் பருத்தியின் இழை குட்டை. அமெரிக்கப் பருத்தியை இங்கே விளைவித்துவிட்டால் கம்பெனிக்கு நல்ல ஆதாயம். இதற்காக 1840-இல் அமெரிக்காவிலிருந்து தோட்டக்காரர்கள் வரவழைக்கப்பட்டனர். கோயம்புத்தூரில் அமைத்த சோதனைப் பண்ணைகளின் பொறுப்பு 1842-இல் வைட்டிடம் வந்தது. நியூ ஆர்லியன்ஸ் விதை, புதுவகை ஏர், பஞ்சு பிரிக்கும் இயந்திரம் எனப் பலவும் வந்து இறங்கின. பதினோர் ஆண்டுகள் முயன்றும் எண்ணியது கைகூடவில்லை. நம் நாட்டு மழையும் வெயிலும் மிசிசிப்பி ஆற்றங்கரையைப் போன்றவை அல்லவே! 1853-இல் வைட்டின் பணி முடிந்தது. கோவையின் முதல் நூற்பாலை அதற்கு முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1888-இல்தான் எழுந்தது. 1904-05-ஐ ஒட்டி வந்த கம்போடியாப் பருத்தியே நம் மாவட்டத்தில் நன்கு வேரூன்றியது. பருத்தி வரலாறு எழுதுவோர் வைட்டைத் தோற்றவர் வரிசையில் சேர்ப்பர்.

அவர் தோற்ற அந்தப் பதினோர் ஆண்டுகளில்தான், பண்ணை வேலைக்கு இடையே, ஐகோனீஸின் பெரும்பகுதி உருவாயிற்று. மேற்கே பாலக்காட்டுக் கணவாய், வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. எந்தப் பக்கம் ஒருநாள் பயணம் போனாலும் வேறு வேறு காடு. முள்வேலிகளும் எருக்கும் மண்டிய வறண்ட தரையிலிருந்து, ஆண்டு முழுவதும் ஈரம் காயாத சோலைக்காடு வரை எல்லாம் அருகிலேயே. நொய்யல் தோன்றும் வெள்ளியங்கிரிச் சாரலில் உள்ள போளுவாம்பட்டியின் பெயர், ஆங்கில எழுத்தில் சற்றே உருமாறி, அவர் நூல்களில் செடி கிடைத்த இடமாகப் பலமுறை வருகிறது. நாம் பேருந்தில் கடந்து போகும் ஊர்ப் பெயரை உலகத் தாவரவியலார் நூலில் படிக்கிறார்கள்! நீலகிரிச் செடிகளுக்கென்று தனியாக வண்ணப் படநூல் ஒன்றும் 1845-க்கும் 1851-க்கும் இடையில் இரு தொகுதிகளாக வெளிவந்தது.

கோவைக் காலத்தில்தான் இரண்டாவது ஓவியர் வருகிறார். ரங்கய்யாவுக்குப் பின் அவ்விடத்தை ஏற்ற அவர் பெயர் கோவிந்து. அவரும் அதே மரபினர். 1840-களின் நடுவிலிருந்து 1853 வரை வைட்டுக்காகச் செடிகளை எழுதிக் குவித்தார்.

அவர்கள் எவ்வாறு வரைந்தார்கள் என்பதைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறோம். ஏனெனில் இதில் எங்களுக்கும் சிறிது அனுபவம் உண்டு. உயிரியல் பதிவேட்டில் செம்பருத்திப் பூவின் நீள்வெட்டுத் தோற்றத்தை நாங்கள் எல்லாரும் வரைந்திருக்கிறோம். பிளேடால் பூவை நடுவே வகிர்ந்து, சூற்பை எங்கே, மகரந்தக் குழல் எங்கே என்று பார்த்து வரைவதற்குள் பூ சோர்ந்து மடங்கிவிடும். அதுவோ கையளவு பெரிய பூ. ரங்கய்யாவும் கோவிந்துவும் எழுதியவற்றுள் பல, உருப்பெருக்கி இன்றிப் பார்க்கவே முடியாத பூக்கள். தாளின் நடுவில் கிளை, இலை, மொட்டு, மலர், காய் ஆகியவற்றோடு செடி முழுமையாய் நிற்கும். அடியில், பூவைப் பிரித்து எடுத்த உறுப்புகள் பெரிதாக்கிக் காட்டப்பட்டிருக்கும்: ஒரு மகரந்தத்தாள், குறுக்கே வெட்டிய சூற்பை, ஒரு விதை. செடி முழுவதையும் அழகுறக் காட்ட ஓவியம் கற்றிருந்தால் போதும். எந்த உறுப்பைக் காட்டினால் இச்செடி தன் உறவினத்திலிருந்து வேறு என்று தெரியும் என்பதற்கு அறிவியல் கண் வேண்டும். வைட்டின் அறிவும் ஓவியர் கையும் ஒரே தாளில் சந்தித்தன என்றே சொல்ல வேண்டும்.

அப்படங்களில் எங்களைக் கவர்ந்த இன்னொன்றும் உண்டு. இலையைத் தாளின் வடிவத்துக்கேற்ப அழகாக மடக்கியும் கொடியை வளைத்தும் இடத்தை நிரப்பும் விதத்தில் பழைய ஓவிய மரபின் கை தெரிகிறது. அளவு தவறவில்லை, அழகும் குறையவில்லை. மேல்நாட்டு அறிவியலுக்கு வேலை செய்தபோதும் தம் கைப்பழக்கத்தை அவர்கள் விட்டுவிடவில்லை என்பது எங்கள் கருத்து.

1853-இல் ஆறாம் தொகுதியுடன் ஐகோனீஸ் நிறைவெய்தியபோது அதில் இருந்த படங்கள் 2,101. பல படங்களின் அடியில் வரைந்தவர் பெயரும் சிற்றெழுத்தில் அச்சிடப்பட்டிருக்கிறது. கம்பெனிக்காகப் படம் எழுதிய இந்திய ஓவியர்களுள் பெரும்பாலோர் பெயரில்லாமலே போயினர் என்பதை எண்ணும்போது இது சிறிய செய்தி அன்று. ஆனாலும் வைட் பிறந்த நாளை நூல்கள் சொல்கின்றன. இவ்விருவரும் பிறந்த நாளை எவரும் எழுதி வைக்கவில்லை.

அப்படங்கள் எழுதப்பட்ட காலத்தை நாம் மறக்கக்கூடாது. நீலகிரியில் புல்வெளியும் சோலையும் மாறி மாறி அமைந்திருந்த பரப்பு அப்போதுதான் குலையத் தொடங்கியது. காப்பித் தோட்டம் வந்தது; 1840-களில் ஆஸ்திரேலியாவின் சீகையும் தைல மரமும் வேரூன்றின; பிறகு சின்கோனாவும் தேயிலையும் சரிவுகளை மூடின. சென்னை மாகாணத்தில் வனத்துறை 1856-இல்தான் அமைந்தது. வைட்டே ஆதாயத்துக்காகக் கம்பெனி அனுப்பிய அலுவலர்தாம். காட்டைக் காக்கப் புறப்பட்டவர் என்று அவரைப் புகழ்ந்தால் அது உண்மையாகாது. எனினும் காடு தோட்டமாகுமுன் அங்கே என்னென்ன நின்றன என்பதற்கு அவர் நூல்கள் சாட்சியாகிவிட்டன. காசித்தும்பையின் காட்டு உறவினங்கள், மரக்கிளையில் தொற்றி வாழும் ஆர்க்கிட்டுகள் முதலியவை மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் காணக் கிடைக்காத இனங்கள் பலவற்றைக் கொண்டவை. அவற்றை இன்று தேடிச் செல்லும் ஆய்வாளர்கள், தாம் கண்டது அதே செடிதானா என்று ஒத்துப் பார்ப்பது ஐகோனீஸ் படத்தோடுதான். பெயரிட்டபோது சேகரித்த உலர்செடி கிடைக்காதபோது, படமே சான்றாக நிற்பதும் உண்டு.

வைட் 1853-இல் இந்தியாவை விட்டுச் சென்றார். இங்கிலாந்தில் ரெடிங் நகருக்கு அருகே கிரேஸ்லி என்னும் ஊரில் நிலம் வாங்கி உழவராக வாழ்ந்தார். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டு ஆலைகளுக்குப் பஞ்சு கிடைக்காமற்போன 1861-ஐ ஒட்டி, பருத்திச் சாகுபடி குறித்து மறுபடியும் எழுதினார். அந்த ஆசை மட்டும் அவரை விடவில்லை! 1872 மே 26-ஆம் நாள் அங்கேயே காலமானார். அவர் திரட்டிய உலர்செடிகளின் பெரும் தொகுப்பு கியூ தாவரவியல் தோட்டத்தைச் சேர்ந்தது. சில, காலப்போக்கில் நம் ஊருக்கே திரும்பின. வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்தில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்னகப் பிரிவில் உள்ள உலர்செடியகத்தில் வைட் திரட்டிய தாள்களும் இருக்கின்றன.

ஓவியர்களின் மூலப் படங்கள் எடின்பரோ, கியூ, இலண்டன் ஆகிய இடங்களில் நெடுங்காலம் பெட்டிகளில் உறங்கின. எடின்பரோ தாவரவியல் தோட்டத்து அறிஞர் ஹென்றி நோல்ட்டி அவற்றை எடுத்து ஆராய்ந்து 2007-இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். தலைப்பில் வைட்டின் பெயரோடு ரங்கய்யா, கோவிந்து பெயர்களையும் சேர்த்தே வைத்தார்.

கோவிந்து, வைட் சென்ற பிறகும் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. வனத்துறை அதிகாரி பெட்டோம் 1860-களில் தென்னிந்தியப் பெரணிகளையும் காட்டு மரங்களையும் பற்றி நூல்கள் எழுதியபோது அவருக்காகவும் வரைந்தார்.

செடிகளுக்குப் பெயர் சூட்டுவோர் தாம் மதிக்கும் ஒருவர் பெயரை இடுவது வழக்கம். குக்குலு தரும் மரத்தின் அறிவியற்பெயரில் இன்றும் வைட் இருக்கிறார். தம் கடைசித் தொகுதியில் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு அவர் ‘கோவிந்தூயியா’ என்று பெயரிட்டார். ஆனால் ஒரே இனத்துக்கு இரு பெயர் இருந்தால் முந்தியதே செல்லும் என்பது தாவரவியல் விதி. அச்செடி ‘டிரோப்பிடியா’ என்று முன்பே பெயர் பெற்ற பேரினத்தைச் சேர்ந்தது என்று பின்வந்தோர் கண்டனர். கோவிந்துவின் பெயர் வழக்கொழிந்தது. ரங்கய்யாவின் பெயரை 1832-இலேயே ஜெர்மானிய அறிஞர் நீஸ் ஒரு சிறுசெடிப் பேரினத்துக்கு ‘ரங்கியா’ என்று இட்டிருந்தார். நம் மருத்துவர்கள் கோடகசாலை என்று சொல்லும் செடிக்கு அப்பெயரே இடப்பட்டது. மழைக்குப் பின் வயல் வரப்புகளில் தரையோடு படர்ந்து, கதிர்போன்ற காம்பில் மிகச் சிறிய பூக்களைப் பூக்கும்.